பேக்கிங் கேஸ்கட்டான கதை

மாசி மாதத்து ஒரு காலையில், கருப்பட்டிக் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே இசக்கிபாண்டி போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னான்.

“அந்த ஜீப்புக்கு கேஸ்கட் வாங்கணும். கடைக்குப் போயிட்டு வாரேன்.”

சொன்னவன் தம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேட்டவள்தான் அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றாள். தாளிப்பு கருகியது.

கேஸ்கட்.

ஆவுடைத்தாய்க்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் புருசன் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. பேக்கிங் என்றுதான் சொல்வான். கோவில்பட்டிப் பட்டறைகளில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு இரும்பு சேருகிற இடத்தில் காற்றும் எண்ணெயும் கசியாமல் இருக்க நடுவே வைக்கிற தாளுக்குப் பேர் பேக்கிங். அட்டையாக இருந்தாலும் பேக்கிங், தகடு பதித்ததாக இருந்தாலும் பேக்கிங்.

அவளுக்கு அந்த வார்த்தை மேல் தனிப் பிரியம் உண்டு. அதற்கு ஒரு காரணமும் உண்டு.

புதூர்ப் பக்கத்தில், ஆட்டுக்கிடையும் மானாவாரி நிலமுமாக இருந்த வீட்டில் பிறந்தவள் ஆவுடைத்தாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. படிப்பு வராமல் நின்றவள் இல்லை. டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால் விடை தெரியும், நாக்குத்தான் எழும்பாது. தெரியாதவளென்று நினைத்து டீச்சர் உட்காரச் சொல்வார். பக்கத்தில் இருப்பவள் அதே விடையைச் சொல்லிக் கைதட்டு வாங்குவாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று ஒருநாள் இருந்துவிட்டாள். வீட்டிலும் யாரும் போகச் சொல்லவில்லை. கொஞ்ச வருசத்தில் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேனில் வந்து போக ஆரம்பித்தாள். அங்கே பேக்கிங் பிரிவு. பெட்டிகளை அடுக்கித் தாள் சுற்றி ஒட்டுகிற வேலை. அவள் கட்டிய பண்டலில் ஒரு மூலை மடங்கியிருக்காது.

கல்யாணமாகி எட்டயபுரம் ரோட்டில் இசக்கிபாண்டியின் கார்ப் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு வந்த புதிதில், அவன் ஒரு பழைய இன்ஜின் மூடியைத் தரையில் வைத்து, அதன் மேல் ஒரு தாளைப் போட்டு, சின்னச் சுத்தியலால் விளிம்போடு தட்டிக்கொண்டிருந்தான். தட்டத் தட்ட இரும்பின் ஓரம் தாளில் அச்சாக விழுந்து, வெட்டாமலே தாள் கழன்று வந்தது. அவள் நிலைப்படியில் நின்று பார்த்தாள். இது என்ன என்று கேட்க வாய் வரவில்லை. அவன்தான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். இதுவும் பேக்கிங்தான் என்றான். நீ அங்கேயும் பேக்கிங், இங்கேயும் பேக்கிங், உன்னைப் பேக்கிங் பண்ணித்தான் உங்க அப்பா என் கையில குடுத்திருக்காரு என்றான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆனால் சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரத்தில் அந்தச் சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

பிறகு பட்டறைக்கு வேண்டிய பேக்கிங்கெல்லாம் அவள் கையால்தான். பின்பக்கத் தார்ப்பாய்க்கு உள்ளே, வருகிறவர்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்துகொள்வாள். ஓட்டை போட வேண்டிய இடத்தில் பேரிங் குண்டை வைத்து ஒரே போடு. வட்டம் கத்தரித்தது போல விழும். அவன் வண்டிக்காரர்களிடம் சத்தமாகப் பேசுவதையும், “ஏட்டி, அந்தப் பேக்கிங் ஆச்சா?” என்று தார்ப்பாயைப் பார்த்துக் கேட்பதையும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மகள் பிரித்திகா திருநெல்வேலியில் நர்சிங் படிக்கப் போய் வீடு வெறிச்சென்று ஆன பிறகு, அந்தக் கேள்வி ஒன்றுதான் அவளுக்குப் பேச்சுத்துணை.

அந்த வார்த்தையைத்தான் அவன் இன்றைக்கு மாற்றிவிட்டான். வார்த்தை தானாக மாறாது. யாரோ மாற்றியிருக்க வேண்டும்.

யார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மெயின் ரோட்டில் செண்பகராஜ் வைத்திருக்கிற உதிரிபாகக் கடையில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பேர் ஜீனா. மணியாச்சியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். பன்னிரண்டாவது முடித்தவள். எந்த வண்டிக்கு எந்த நம்பர் சாமான் என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லுதாள் என்று இசக்கிபாண்டி சோற்றில் கைவைத்துக்கொண்டே ஒருநாள் சொல்லியிருந்தான். அன்றைக்கு ஆவுடைத்தாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தாள்.

அடுத்த முறை அவன் கடைக்குப் போன் போட்டபோது, தார்ப்பாய்க்குள் சுத்தியலை நிறுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பது அவன் வழக்கம். அந்தக் குரல் ரயில் வண்டி போலத் தடங்கலில்லாமல் ஓடியது.

“அண்ணாச்சி, திரும்பவும் பேக்கிங்னு சொல்லுதீங்க பாருங்க. பேக்கிங்னா கடலைமிட்டாய்க் கம்பெனியில போய்க் கேளுங்க. இங்கன கேஸ்கட்தான் இருக்கு.”

இசக்கிபாண்டி சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு அதிகம் வராது. வந்தால் தோள் குலுங்கும். அந்தத் தோள் குலுங்கலை ஆவுடைத்தாய் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் எவ்வளவு தூரம்? பேக்கிங் பண்ணுகிறவள் என்றால் அவ்வளவு இளப்பமா?

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. ஒருநாள் அவன் காருக்கு அடியில் படுத்திருந்தபோது போன் அடித்தது. எடுத்துக் கேள் என்றான். ஆவுடைத்தாய் எடுத்தாள், ஆனால் பேசவில்லை. அந்தப் பக்கம் ஜீனாவே, “அக்காவா? அண்ணாச்சிக்கிட்ட அந்தச் சாமான் வந்துட்டுன்னு சொல்லிருங்க அக்கா” என்றாள்.

அக்கா. இதைத்தான் ஆவுடைத்தாயால் தாங்க முடியவில்லை. நம் பக்கத்தில் அண்ணாச்சி என்பது பலசரக்குக் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாருக்கும் பொது. அதில் உறவு ஒன்றும் ஒட்டாது. ஆனால் அக்கா என்பது அப்படியா? அவனை மெய்யாகவே அண்ணனாக நினைக்கிறவள் அவன் பெண்டாட்டியை மதினி என்றல்லவா கூப்பிட வேண்டும்? என்னை அக்கா என்றால், என் புருசன் இவளுக்கு அத்தான் முறை ஆகிறானே. பன்னிரண்டாவது படித்தவளுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? அன்று முழுக்க அந்த முறையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் அத்தானில்தான் வந்து நின்றது.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். இசக்கிபாண்டி நேரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு சிரிப்பும் இரண்டு வார்த்தையும்தான் சாட்சி. வெந்த புண்ணில் வேல் என்பார்கள். இவளுக்குப் புண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை, வேல் மட்டும் குத்திக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் இராமச்சந்திரனின் அம்பாசிடர் வந்து சேர்ந்தது.

இராமச்சந்திரன் புதூருக்கு அந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். உளுந்து, மக்காச்சோளம், மழை கைகொடுத்தால் பருத்தி. அப்பா காலத்துப் பெட்ரோல் அம்பாசிடரை விற்காமல் வைத்திருந்தார். மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தது. அவருடைய மகன்தான் தாய்மாமன். தாய்மாமன் அந்தக் காரில்தான் சீர்வரிசையோடு வந்து இறங்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். கார் என்னடாவென்றால் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தையல் மிஷின் மாதிரி ‘டிக் டிக்’ என்கிறது, சும்மா நிற்கும்போது குலுங்கி அணைந்துபோகிறது.

“வழியில நின்னுச்சுன்னா மாமன் சீர்த்தட்டைத் தலையில வச்சுக்கிட்டு நடந்துதான் வரணும் பாண்டி” என்றார். “பொறவு நான் செத்தாலும் சம்பந்தகாரவுக அதைச் சொல்லித்தான் ஒப்பாரி வைப்பாக.”

இசக்கிபாண்டி ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டான். பின்சீட்டில் பருத்தி மூடை ஏற்றியதில் ஒட்டியிருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு ஆவுடைத்தாய் வெளியே வந்தாள். அது அவர்கள் இருவரும் சேர்ந்து செய்கிற வேலை. காற்றாடி சுற்றாமல் இருக்கும்போது இன்ஜின் ஓரத்தில் பஞ்சைப் பிடித்துக்கொண்டே போனால், ஊதுகிற இடத்தில் பஞ்சு விலகும். உறிஞ்சுகிற இடத்தில் போய் ஒட்டும். இந்தப் பழைய அம்பாசிடரில் உறிஞ்சுகிற குழாயும் ஊதுகிற குழாயும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து இன்ஜினில் வந்து சேரும். மேனிபோல்டு என்பது அதுதான். ஒன்று காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும். மற்றொன்று எரிந்த புகையை வெளியே தள்ளும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேக்கிங். இரண்டு குழாய்களின் விளிம்பில் நீண்டிருக்கிற காதுகள் அடுத்தடுத்து வருகிற ஒவ்வொரு இடத்திலும், நடுவில் ஒரே ஸ்டட் என்கிற மரையாணி, ஒரே தடித்த வாஷர், ஒரே நட்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். பாதி வாஷர் இதன் மேல், பாதி வாஷர் அதன் மேல்.

பஞ்சு ஓரிடத்தில் விலகியது. ஓரிடத்தில் போய் ஒட்டியது. பேக்கிங் எரிந்துபோயிருந்தது. கழற்றிப் பார்த்தபோது ஊதுகிற குழாய் சூட்டில் வளைந்திருப்பதும் தெரிந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய் முகத்தைச் சீவி மட்டமாக்கி வந்தான் இசக்கிபாண்டி. ஆவுடைத்தாய் தாளை எடுத்து விரித்தாள்.

“அது வேண்டாம்” என்றான். “தாளு இந்தச் சூட்டுக்குத் தாங்காது. ஜீனா தகடு பதிச்ச கேஸ்கட் இருக்குன்னு சொல்லிச்சு. சொல்லி வச்சிருக்கேன்.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் வெட்டுகிற தாள் இன்ஜின் மூடிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் சரி; புகைபோகிற இடத்தில் சில வாரத்தில் கருகிவிடும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்திருந்ததால்தான் அதிகமாக வலித்தது. விரித்த தாளைச் சுருட்டினாள்.

அவன் கடைக்குப் போன நேரத்தில் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உப்புத்தாள் போட்டுத் துடைத்தாள். துடைத்து முடித்து, வழக்கம்போல ஒரு காதிலிருந்து மறு காதுக்கு விரலை ஓட்டினாள். விரல் இடறியது. நகக்கனம் இருக்கும் ஒரு படி. சீவப்பட்ட குழாயின் காது மெலிந்துவிட்டது; சீவாத குழாயின் காது பழைய கனத்தோடு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டி எடுத்துப் போய்ச் சேர்த்துச் சீவியிருக்க வேண்டும். இப்படியே மாட்டினால் வாஷர் உயர்ந்த காதின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மெலிந்த காதை அழுத்தாது. எந்தப் பேக்கிங் வைத்தாலும் அந்தப் பக்கம் புகை கசியும்.

அவன் வந்ததும் சொல்லத்தான் இருந்தாள். ஆனால் வந்தவன் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே உறையைப் பிரித்து, பளபளவென்று இருந்ததை வெயிலில் பிடித்து, “பாத்தியா, கேஸ்கட்டுன்னா இதுல்லா கேஸ்கட்டு” என்றான். முகத்தில் கடையில் சிரித்த சிரிப்பின் மிச்சம் இருந்தது.

ஆவுடைத்தாய் வாயை மூடிக்கொண்டாள்.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்திலேயே பழகியதுதான். ஆனால் அப்போது கூச்சம் நாக்கைப் பிடித்தது. இப்போது நாக்கு நன்றாகத்தான் இருந்தது. அவளேதான் அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

மாட்டி ஸ்டார்ட் பண்ணினான். குலுங்கல் நின்றுவிட்டது. டிக் டிக் நிற்கவில்லை. நட்டை இறுக்கினான். நிற்கவில்லை. இனி இறுக்கினால் ஸ்டட் முறியும் என்று விட்டுவிட்டான். மறுநாள் கடையில் இன்னொன்று கேட்டு வாங்கி வந்து மாட்டினான். அதே சத்தம். இராமச்சந்திரன் போனில் யாரிடமோ தன் வீட்டுப் பாஷையான தெலுங்கில் எரிந்து விழுந்தார். இசக்கிபாண்டி ஸ்பானரைத் தட்டில் எறிந்தான்.

“அந்தப் பிள்ளை தப்பான கேஸ்கட்டைக் குடுத்திருச்சு” என்றான்.

அந்தப் பிள்ளை. பேர் போய்விட்டது. ஆவுடைத்தாய்க்கு வெயிலில் நடந்து வந்து பானைத் தண்ணீர் குடித்தது போல இருந்தது. அவன் கடைக்குப் போன் போட்டபோது செண்பகராஜ்தான் எடுத்தார். இவன் சொல்வதைக் கேட்டுவிட்டு அவர் அந்தப் பக்கம் ஜீனாவை ஏசுகிற சத்தம் தார்ப்பாய் வரைக்கும் கேட்டது. இதோடு எத்தனை வாட்டி சொல்லிட்டேன், தெரியலைன்னா புத்தகத்தைப் பாருன்னு. நாளைக்கு நீ வர வேண்டாம். அந்தக் குரலுக்குப் பதில் குரல் வரவில்லை. ரயில் நின்றுவிட்டது.

இசக்கிபாண்டி போனை வைத்துவிட்டு, எறிந்த ஸ்பானரை எடுத்துத் துடைத்தான். பிறகு தார்ப்பாயைப் பார்த்துக் கேட்டான்.

“ஏட்டி, நீ ஒரு பேக்கிங் வெட்டுதியா?”

எத்தனை நாளாயிற்று அந்தக் கேள்வியைக் கேட்டு. அவன் டீக்குடிக்கவும் இராமச்சந்திரனைச் சமாதானப்படுத்தவும் அவரோடு ரோட்டுப் பக்கம் போனான். ஆவுடைத்தாய் தாளை விரித்தாள். எப்படி வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஊதுகிற பக்கத்துக்கு மட்டும் தாளை இரட்டையாக மடித்து வைத்தால், மெலிந்த காது தாளின் கனத்தில் எழும்பி வாஷரைத் தொடும். சத்தம் நின்றுவிடும். காதுகுத்துக்குக் கார் ஊமை போலப் போகும். கடையில் வாங்கியது இரண்டும் தோற்று, ஆவுடை வெட்டியது நின்றது என்று ஊர் சொல்லும். ஜீனா வேலையை விட்டுப் போவாள். கேஸ்கட் என்ற வார்த்தையும் அவளோடு மணியாச்சி ரயிலில் ஏறிப் போகும். சுத்தியல் தாளில் ‘டொக் டொக்’ என்று சந்தோசமாக விழுந்தது.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். தார்ப்பாய் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். தோளில் பை, கையில் கடையின் உறை.

சொல்லாமலே யாரென்று தெரிந்தது. பார்த்த பிறகாவது மனசு ஆறுமா என்றால் ஆறவில்லை. நினைத்திருந்ததைவிட அழகாகத்தான் இருந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம் சிவந்து அதுவும் அவளுக்குப் பொருந்தியிருந்தது. முதலாளி அனுப்பினார் என்றாள். கழற்றிய கேஸ்கட்டைக் கொண்டுபோய்க் கம்பெனிக்காரனிடம் காட்டி அது தப்பு என்று நிரூபித்தால் வேலை இருக்கும். இல்லாவிட்டால் தப்பு அவளுடையது. நம்பர் சரிதான் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியுமாம். ஆனாலும் நம்பரைவிட வண்டிதானே பெரிது என்று மெல்லச் சொன்னாள்.

ஆவுடைத்தாய் கழற்றிப் போட்டிருந்த இரண்டையும் எடுத்துக் கொடுத்தாள். ஜீனா அவற்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடவில்லை. அப்படியே மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, கேஸ்கட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஆவுடைத்தாய்க்குத் தெரியும். அவளும் அப்படித்தான் பார்ப்பாள்.

“அக்கா, இங்கன ரெண்டுலயும் அச்சு ஆழமா விழுந்திருக்கு. இந்த ஓட்டையைச் சுத்தி ரெண்டுலயும் அச்சே விழல, கரிதான் ஓடியிருக்கு. ஒரே நட்டுத்தான அழுத்துது. ஏன் அக்கா அப்படி?”

ஏன் என்று கேட்டாள். ஆவுடைத்தாய் கையில் சுத்தியல் நின்றது. வெட்டு என்று சொன்னவர்கள் உண்டு, ஆச்சா என்று கேட்டவன் உண்டு. ஏன் என்று அவளிடம் கேட்டது அந்த டீச்சருக்கு அப்புறம் இவள்தான். விடை தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

அவள் மடியில் பாதி வெட்டிய தாள் கிடந்தது. அதைப் பார்த்தாள். இரட்டைத் தாள். சித்திரை வெயிலுக்குள் கருகும். கருகினால் இராமச்சந்திரன் இதே காரோடு வருவார். அப்போது என்ன சொல்வார்கள்? ஆவுடை வெட்டுன பேக்கிங் ஆறு வாரம் தாங்கல என்பார்கள். கேஸ்கட்டே மேல் என்பார்கள். அதையும் இவள் கேட்டு, ரயிலில் போகும்போது சிரிப்பாள். தீப்பெட்டி ஆபீசில்கூட மூலை மடங்காத கை இது. இவளைத் துரத்துவதற்காக அந்தக் கையைக் கெடுத்துக்கொள்வதா?

இரக்கம் வந்து சொன்னாள் என்று யாராவது சொன்னால் அது பொய். அவளுக்கு அந்த நிமிசத்திலும் ஜீனாவின் மேல் இரக்கம் வரவில்லை.

எழுந்து போய், நடு ஸ்டட்டில் இருந்த வாஷரைக் கழற்றி எடுத்து வந்தாள். அதன் அடிப்புறத்தைக் காட்டினாள். ஒரு பாதி மட்டும் தேய்ந்து மின்னியது. மறு பாதியில் பழைய துரு அப்படியே இருந்தது. ஜீனாவின் விரலைப் பிடித்து, குழாய்கள் இரண்டின் காதுகளின் மேல் ஓட்டினாள். விரல் இடறியதும் ஜீனாவின் கண் விரிந்தது.

“மேடும் பள்ளமுமா இருக்கு” என்றாள் ஆவுடைத்தாய். “வாஷர் மேட்டு மேலயே உக்காந்துக்கிடுது. பள்ளத்தைத் தொடல.”

வேறு யாரிடமும் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

வாஷரை வைஸ் இடுக்கியில் கடிக்கவிட்டு, மேட்டின் மேல் உட்காருகிற பாதியை மட்டும் அரத்தால் ராவ ஆரம்பித்தாள். ஜீனா கேட்காமலே அடுத்த வாஷரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ராவி, வைத்து, விரலால் தடவி, மறுபடி ராவி. ஜீனாவுக்கு அரம் பிடிக்கத் தெரியவில்லை. அதைப் பார்த்ததில் ஆவுடைத்தாய்க்கு ஒரு சின்ன நிம்மதி.

இசக்கிபாண்டியும் இராமச்சந்திரனும் திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் கருப்புக் கையோடு நின்றார்கள். இசக்கிபாண்டி ஒருத்தியைப் பார்த்தான், மற்றவளைப் பார்த்தான். எதற்கோ பயந்தவன் போல இருந்தது.

“பேக்கிங் மேல குத்தம் இல்ல” என்றாள் ஆவுடைத்தாய். படி ராவிய வாஷரை அவன் கையில் வைத்தாள்.

அவன் திருப்பிப் பார்த்தான். குழாயில் விரலை ஓட்டிப் பார்த்தான். லேத்துக்கு ஒன்றை மட்டும் கொண்டுபோனது அவன்தான் என்பது அவன் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது.

“இதை எப்பக் கண்டே, ஏட்டி?”

“உப்புத்தாள் போடும்போதே.”

அவன் அவளையே பார்த்தான். அதற்கு நடுவில் இரண்டு கேஸ்கட் வீணாகி, ஒருத்தி ஏச்சு வாங்கி, அவள் வேலையே போகிற அளவுக்கு வந்திருந்தது. கேட்க வேண்டியதை அவன் கேட்கவில்லை. அவள் கண் ஜீனாவிடம் போய் வந்ததைப் பார்த்தான். பார்த்த பிறகு கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது போலும். தலையைச் சொறிந்துகொண்டு போனை எடுத்தான். கேஸ்கட் சரியானதுதான், தப்பு என் பட்டறையில, அந்தப் பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க என்று செண்பகராஜிடம் சொன்னான். பட்டறைக்காரன் தன் வாயால் அப்படிச் சொல்வது லேசு இல்லை. சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டான்.

ஜீனா கொண்டுவந்த உறைக்குள் புதிதாக ஒன்று இருந்தது. அதையே மாட்டினார்கள். ஸ்டார்ட் பண்ணியதும் இராமச்சந்திரன் காதைக் கொண்டுபோய் இன்ஜினில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. ஆவுடைத்தாய் பஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனாள். பஞ்சு விலகவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

“இப்பத்தான் என் மருமவப்பிள்ளை மாதிரி இருக்கு” என்றார் இராமச்சந்திரன். “வாயே திறக்க மாட்டேங்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். இசக்கிபாண்டிக்குத் தோள் குலுங்கியது. ஆவுடைத்தாய் அதைப் பார்த்தாள். ஜீனா அதைப் பார்க்கிறாளா என்றும் பார்த்தாள். ஜீனா குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வாரேன் அண்ணாச்சி. வாரேன் அக்கா” என்றாள்.

ஆவுடைத்தாய் அவளோடு வாசல் வரைக்கும் போனாள். இதுவரை அவள் எந்த வண்டிக்காரரோடும் வாசல் வரைக்கும் போனதில்லை. புளியமரத்து நிழலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“என்னை அக்கான்னு கூப்பிடாத. மதினின்னு கூப்பிடு.”

ஜீனா ஒரு கணம் விழித்தாள். அண்ணாச்சி, அக்கா, அத்தான் என்று அவள் மனசுக்குள்ளும் அந்தக் கணக்கு ஓடியிருக்க வேண்டும். முகம் குப்பென்று சிவந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கைக்குள்ளேயே சிரிப்பு வந்தது.

“ஐயோ, நான் அப்படி நினைக்கவே இல்ல… சரி மதினி. வாரேன் மதினி.”

ஆவுடைத்தாய் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள். பாதி வெட்டிய இரட்டைத் தாள் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது என்றும், தாய்மாமன் காரைவிட்டு இறங்கும்போது சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்தார்கள் என்றும் இராமச்சந்திரன் வந்து சொன்னார். ஒரு சாக்கு நிறைய மக்காச்சோளக் கதிர் இறக்கிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் இசக்கிபாண்டி எந்தக் குழாயை லேத்துக்குக் கொண்டுபோனாலும் முதலில் அவள் விரல் ஓட வேண்டும் என்று காத்திருக்கிறான். கடையில் ஜீனா, ‘மதினி நல்லா இருக்காவளா’ என்று கேட்டதாகவும் வந்து சொல்கிறான். ஆனால் வாங்க வேண்டியதை இன்னும் கேஸ்கட் என்றுதான் சொல்கிறான். அது மாறவில்லை.

போன் அடித்தால் தார்ப்பாய்க்குள் சுத்தியல் இன்றைக்கும் ஒரு தட்டுத் தவறத்தான் செய்கிறது. மதினி என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் அடுத்த தட்டு விழும்.